வாப்பும்மாட கொப்பியும் பாமினி எழுத்தும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாரி மழை தொடங்கின நேரம். அஸருக்குப் பிறகு வாப்பா போனை நீட்டிக்கொண்டு குசினிப் பக்கம் வந்தார்.

"இஞ்ச பாருங்க மகள், புள்ள என்னமோ அனுப்பியிருக்கா. இது இங்கிலீசா சிங்களமா? எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல."

வாங்கிப் பார்த்தோம். தரம் எட்டில் படிக்கிற எங்கள் மகள் ரியூசன் வகுப்பிலிருந்து அனுப்பியது. இங்கிலீசும் இல்லை, சிங்களமும் இல்லை. சுத்தமான எங்கட ஊர்த் தமிழ். "அப்பா, மழ பெய்யிது, குடயக் கொண்டு வாங்க" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. நாங்கள் குடையோடு ஓட முதல் அவள் தெப்பமாக நனைந்து வாசலுக்கு வந்துவிட்டாள். வந்ததும் அப்பாவோடுதான் கோபம். "நீலக் கோடு ரெண்டும் விழுந்த. பாத்திட்டுச் சும்மா இருந்திருக்கீங்க."

முப்பத்தெட்டு வருசம் தமிழ் படிப்பித்த மனிசர் பேத்தியின் தமிழை வாசிக்க முடியாமல் நின்றார். ராச்சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "உம்மாட கொப்பியும் எனக்கு இப்பிடித்தான் இருந்திச்சு" என்றார்.

அந்தக் கொப்பியைப் பற்றிப் பேசி எங்கள் வீட்டில் ஐந்து வருசம். ஏன் பேசாமல் விட்டோம் என்பதைத்தான் எழுதப் போகிறோம். பிழை எங்களுடையது.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். அட்டாளைச்சேனைக் கல்வியியல் கல்லூரியில் படித்து வெளியேறி, கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்து, ஊருக்கு மாற்றம் எடுத்து வந்தவர்கள். வீட்டுக்காரருக்குக் கணிதம். மற்றவருக்கு ஆரம்பப் பிரிவு. எங்கட பக்கத்து வழமைப்படி வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் வாப்பாவும் உம்மாவும் எங்களோடுதான். வாப்பாவின் உம்மா, அதாவது வாப்பும்மா, கடைசி வரைக்கும் தன் மகளோடு, எங்கள் மாமியோடு, சாய்ந்தமருது கடற்கரையோரத்து வீட்டில் இருந்தா.

வாப்பும்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காலத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் போனார்கள்? ஓதப் போனா, குர்ஆனை முடித்தா, அவ்வளவுதான். ஆனால் எழுதத் தெரியாதவ என்று சொல்லக்கூடாது. அறபு எழுத்தில் தமிழ் எழுதுவா. அறபுத்தமிழ் என்று எங்கட மூத்தவர்கள் சொல்வது அதைத்தான். அறபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கிற எழுத்துக்கே மேலதிகமாகப் புள்ளியோ குறியோ இட்டுப் புது எழுத்துச் செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் அப்பா (1816–1898) எழுதிய 'மகானி' போன்ற கிதாபுகள் அந்த எழுத்தில்தான் கடல் தாண்டி இலங்கைக்கு வந்து வீடுகளுக்குள் புகுந்தன. தமிழ் நெடுங்கணக்கைத் தெரியாத எங்கட பெண்கள் மார்க்கச் சட்டங்களைத் தமிழில் வாசித்தது அப்படித்தான்.

வாப்பும்மா அந்த எழுத்தில் கிதாபு மட்டும் வாசிக்கவில்லை. தான் பிள்ளைகளுக்குப் பாடின தாலாட்டு, நெல்லுக் குத்துற நேரம் பெண்கள் மாறி மாறிச் சொல்லுற கவி, கலியாண வீட்டுக் கேலிப் பாட்டு எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தா. கொப்பிக்குப் பழைய பிடவைத் துண்டில் உறை. அது மாமி வீட்டு அலுமாரியில் கிடந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் அந்த அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. அல்லாஹ் உயிர்களைத் தந்தான். வாப்பும்மாவை ஒரு கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பிரதான வீதியைத் தாண்டினதும், பிறகு சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் இருந்ததும் இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு நடந்த கதை. நீட்டத் தேவையில்லை.

சம்மாந்துறையில் இருந்த நாட்களில் வாப்பாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. உம்மாவுக்கு எண்பது வயது. கொப்பி போனாலும் ஆள் இருக்கிறா. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லி எழுதினார். இருபத்தாறு பாட்டுத் தேறியது. 2006இல் ஒரு கொம்பியூட்டர் நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கு வேலை செய்த தம்பிக்குப் பக்கத்தில் நின்று அடிப்பித்து, ஒரு சீடியில் பதிந்து எடுத்து வந்தார். கையால் எழுதின தாள்களை அச்சடிக்கக் கொடுக்கிறேன் என்று ஒருவரிடம் கொடுத்தது திரும்பி வரவில்லை. அடுத்த வருசம் வாப்பும்மா மௌத்தானா. சீடி, உம்மாவின் தையல் பெட்டிக்குள் ஊசிகளோடு கிடந்தது.

இனி 2020. மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டினார்கள். ஊரடங்கு. ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நாளில் வட்ஸ்அப் ஆசிரியர்கள் ஆனோம். வீட்டுக்கு ஒரு போன், அதையும் வாப்பா கடலுக்குப் போனால் கொண்டுபோய்விடுவார், வயலுக்குப் போனால் கொண்டுபோய்விடுவார். பிள்ளைகள் இரவு பத்து மணிக்குப் பாடம் செய்து கொப்பியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கட்டிலில் கிடந்துகொண்டே சரி போடுவோம்.

அப்போதுதான் பாமினியின் குணம் எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. எங்கட ஆசிரியர்மாரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் பாமினிதான். தவணைப் பரீட்சை வினாத்தாளும் அதில்தான், அச்சகமும் அதைத்தான் கேட்கும். கொம்பியூட்டரில் அழகாகத் தெரிகிற செயலட்டையைப் பிள்ளையின் போனுக்கு அனுப்பினால் அங்கே தமிழ் இல்லை, பூச்சி புழுவாக ஆங்கில எழுத்து. ஏனென்றால் பாமினியில் அடிக்கும்போது கொம்பியூட்டருக்குள் போவது தமிழே இல்லை. 'உம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவது சீ, கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. போர்வை இல்லாத போனில் உம்மா இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு அமைத்துத் தந்த விசை ஒழுங்கின் வழி வந்தது பாமினி. தட்டச்சுப் பழகியவர்களின் கை இலேசில் அதை விடாததற்குக் காரணமும் அதுதான். யூனிகோட் அப்படியில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்றே அதில் தனியான எண்கள். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எங்கட பாடசாலை வாசலுக்கு வரத்தான் அதற்கு இவ்வளவு காலம்.

இதெல்லாம் விளங்கின ஒரு இரவில்தான் தையல் பெட்டிச் சீடி ஞாபகத்துக்கு வந்தது. லப்டொப்பில் சீடி போட இடமில்லை. அயலில் ஒரு வீட்டில் துணி மூடிக் கிடந்த பழைய கொம்பியூட்டரை எழுப்பிப் போட்டுப் பார்த்தோம். கீறல் விழுந்திருந்தாலும் பைல் திறந்தது. திறந்தால், எதிர்பார்த்த மாதிரியே, பூச்சி புழு.

ஜேர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் என்கிற ஈழத்தமிழர் இதற்கென்று ஒரு எழுத்துரு மாற்றியைச் செய்து இலவசமாக இணையத்தில் விட்டிருந்தார். எங்களைப் போல எத்தனை பேரின் பழைய பைல்களை அது மீட்டுக் கொடுத்திருக்கும். வாப்பும்மாவின் பாட்டுகளை ஒரு பக்கம் ஒட்டினோம். மறுபக்கம் தமிழ் வந்து விழுந்தது. இரவு ஒரு மணி. வாப்பாவை எழுப்பிவிட்டோம்.

ஒரேயொரு குறை. காற்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் 'இ' வந்திருந்தது. பாமினியில் அந்த விசைக்கு 'இ'தான். அடித்த தம்பி காற்புள்ளியை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருக்கிறார். மாற்றிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் 'இ' ஆக்கிவிட்டது. இலங்கைத் தமிழ் இணையத்தளங்களில் சம்பந்தம் இல்லாத இடத்தில் 'இ' நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆனால் வாப்பா அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, "இதத் திருத்தாதீங்க. உம்மாவும் அந்தந்த இடத்தில இப்பிடித்தான் இழுப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம்? இருபத்தாறில் நல்ல தாலாட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். சுருக்கமானது, சொல் எளிமையானது. முதலில் தரம் நான்குப் பிள்ளைகளுக்கு அதைச் செயலட்டையாக்கி அனுப்பினோம். கீழே ஐந்து வினா. அதில் ஒன்று: 'தாய் பிள்ளையை எங்கே போகச் சொல்கிறாள்?' பிள்ளைகள் எல்லோரும் 'நித்திரைக்கு' என்று எழுதினார்கள். எல்லோருக்கும் சரி போட்டோம். பிறகு அதே பாட்டை எங்கள் பக்கத்திலும் போட்டோம். நோன்பு காலம், எல்லோரும் வீட்டில், எல்லோர் கையிலும் போன். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் சொந்தக்காரர் எழுதினார்கள். ஊரை நினைத்து அழுததாக ஒருவர் எழுதினார். நாங்கள் உச்சி குளிர்ந்து போனோம், மறைக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பாட்டு எங்கள் பாடசாலைக் குழுவுக்கே திரும்பி வந்தது. யாரோ தொட்டில் படம் ஒன்றின் மேல் ஒட்டி, ரோசாப்பூ வைத்து, எங்கள் பெயரையும் வாப்பும்மா பெயரையும் கழற்றிவிட்டு, 'பழந்தமிழர் தாலாட்டு' என்று போட்டிருந்தார்கள். அந்த 'இ'யும் அப்படியே இருந்தது! கோபம் வந்தது. இதைப் பற்றிக் காரமாக ஒரு பதிவு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மாமியின் அழைப்பு வந்தது.

மாமி அப்போது பொலிவேரியன் குடியிருப்பில். படத்தை அவவின் பேரன் காட்டியிருக்கிறான். சலாம் சொன்னா. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"புள்ள, இந்தப் பாட்ட ஏன் போட்ட நீங்க?"

"நல்ல தாலாட்டு மாமி, பிள்ளைகளுக்கு…"

"அது தாலாட்டு இல்ல மகள்."

வாப்பாவுக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்திருக்கிறார். நாற்பது நாள் கூட இருக்கவில்லை. மையித்தைக் கொண்டுபோன பிறகு, அவிழ்க்காமல் கிடந்த தொட்டிலைப் பிடித்துக்கொண்டு வாப்பும்மா பாடினது அது. மாமிக்கு அப்போது பத்து வயது, கதவு நிலையில் நின்று பார்த்திருக்கிறா. வாப்பாவுக்கு மூன்று வயது, ஒன்றும் தெரியாது. எண்பது வயதில் மகன் கேட்டபோது வாப்பும்மா அதையும் மற்றப் பாட்டுகளோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறா, ஆனால் எதற்குப் பாடினது என்று சொல்லவில்லை. கடைசிக் கண்ணியில் நீ முன்னால போ, உம்மா பின்னால வாறன் என்கிற மாதிரி ஒரு சொல் வரும். அதற்குத்தான் நாங்கள் ஐந்து புள்ளி கொடுத்து வினா வைத்தோம். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குச் சரி போட்டோம்.

"உம்மா ஊட்டுக்குள்ள பாடின மனிசி. அவட சத்தம் வேலியத் தாண்டினதில்ல. அவ உசிரோட இருந்தா இத உட்டிருப்பாவா?" என்று கேட்டா மாமி. ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

பதிவை அழித்தோம். ஆனால் படத்தை யார் அழிப்பது? அது எங்கள் கையில் இல்லை. அன்னையர் தினம் வந்தால் இன்றைக்கும் யாராவது அனுப்புகிறார்கள். அழகான பாட்டு, டீச்சர் பாருங்க என்று எங்களுக்கே அனுப்புகிறார்கள். நன்றி என்று போடுகிறோம். வேறென்ன சொல்வது?

பைலை மூடினோம். வாப்பா அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினார். ஆனால் ஒரு நாள், கேட்காமலே ஒன்று சொன்னார். "அதில இருக்கிறது முழுசா உம்மாட சொல்லும் இல்ல. நான் திருத்தித்தான் எழுதின." வாப்பும்மா 'மனே' என்று சொன்னதை அவர் 'மகனே' ஆக்கியிருக்கிறார். 'ஒறங்கு' உறங்கு ஆகியிருக்கிறது. பயிற்சிக் கலாசாலையில் பேச்சு மொழி கொச்சை என்று படித்துவந்த கை, உம்மா சொல்லச் சொல்லத் தானாகத் திருத்திக்கொண்டு போயிருக்கிறது. "ஒரு வாத்தியாரா இருந்து கேட்டுட்டன். மகனா இருந்து கேட்டிருக்கணும்" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பேச எங்களுக்கு என்ன தகுதி? 'எங்கட' என்று எழுதின பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடிழுத்துவிட்டு வந்து இந்தப் பதிவில் எத்தனை தரம் 'எங்கட' எழுதுகிறோம், எண்ணிப் பாருங்கள்.

இப்போது மழை நாளுக்கு வருகிறோம். உம்மாட கொப்பியும் இப்பிடித்தான் என்று வாப்பா சொன்னதும் மகள் விடவில்லை.

"ஏன், வாப்பும்மாட எழுத்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா அப்பா?"

"கொஞ்சம் தெரியும். எழுத்துக் கூட்டுவன். அந்தப் பொடிப் பொடிப் புள்ளியள் பிடிபடா."

"அப்ப கொப்பிய யாரு வாசிச்ச?"

"ராத்தாதான்."

எங்களுக்கு அது புதினம். மாமிக்கு அறபுத்தமிழ் எழுத வாசிக்கத் தெரியும் என்று இத்தனை வருசத்தில் நாங்கள் கேட்டதே இல்லை. நாங்கள் கேட்டதெல்லாம் பைலிடம்தான்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். வாப்பாவும் மகளும் முன்னால். மாமிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், கண் நல்லம். தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் யாரும் விசயத்தைத் தொடவில்லை. மகள்தான் தொட்டாள். மழை நாள் கதையைச் சொல்லி, போனைத் திறந்து தான் எழுதினதைக் காட்டினாள். மாமி பார்த்துவிட்டு, "இது வாசிக்கத் தெரியா எனக்கு. பேனை ஒண்டு தா" என்று வாங்கி, மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாக ஒரு வரி எழுதினா.

மகள் மதரஸாவில் ஓதுகிறாள். குர்ஆன் எழுத்து என்றால் வாசித்துவிடுவாள். அதே பழக்கத்தில் எழுத்துக் கூட்டி ஓத வெளிக்கிட்டாள். இரண்டு சொல் போனதும் நின்றாள். மூன்றாம் சொல்லை இரண்டு தரம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "உம்மா, இது தமிழ்!" என்றாள். ஓதிக்கொண்டிருந்த வாய்க்குள் தமிழ் வந்து விழுந்ததில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமிக்கும்தான். வாப்பா பில்லை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எண்பதைத் தாண்டிய ராத்தாவும் பதின்மூன்று வயதுப் பேத்தியும் வாசிக்கிற ஒன்றை, நடுவில் இருக்கிற இரண்டு தலைமுறை ஆசிரியர்களால் வாசிக்க முடியவில்லை.

"இது நாங்க வட்ஸ்அப்பில எழுதுற மாதிரித்தானே. வேற எழுத்து, தமிழ்ச் சொல்லு" என்றாள் மகள். மாமி தலையாட்டினா. எங்களுக்கு அது அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்ள முடியாத கருத்து. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்காக வகுப்பில் எத்தனை பேரை ஏசியிருக்கிறோம். இன்னும் அது சரி என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் மாமியிடம் முதன்முதல் முறைப்படி கேட்டோம். ஐந்து வருசத்துக்கு முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருபத்தாறையும் வாப்பா ஒவ்வொன்றாக வாசித்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. மூன்று பாட்டை வேண்டாம் என்றா. ஒன்று தொட்டில் பாட்டு. மற்ற இரண்டும் கலியாணக் கேலி, உள்ளே வருகிற ஆட்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "மத்தத எழுதுங்க. ஆனா உம்மா சொன்ன மாதிரி எழுதுங்க. மகனே கிகனே வேணா. உம்மாட பேரயும் போடுங்க. பேர் இல்லாம விட்டுத்தானே ஊர் சுத்துது."

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது பாட்டுகளோடு வரும்.

எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முகநூலில் இல்லை. இங்கே எழுதுவதெல்லாம் நாலு நாளில் கீழே போய்விடும், தேடினாலும் கிடைக்காது, கிடைத்தால் ரோசாப்பூவோடு கிடைக்கும். 2005இலிருந்து இயங்குகிற நூலகம் என்கிற இணைய நூலகத்தைப் பலருக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்திலிருந்து இளைஞர்கள் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களை, சஞ்சிகைகளை, பாடசாலை மலர்களைக்கூட ஒவ்வொரு பக்கமாக மின்வருடி, எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சாய்ந்தமருது எஸ். எச். எம். ஜெமீல் அவர்கள் 'சுவடி ஆற்றுப்படை' என்று முஸ்லிம்கள் எழுதிய நூல்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் வீடு வீடாகப் போய் நாட்டார் பாடல்களைச் சேர்த்தார். எங்கட மண்ணில் இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சுக்கே வராத கொப்பி எந்தப் பட்டியலில் வரும்? வாப்பும்மாவைப் போல எத்தனை பேர் அலுமாரிக்குள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்?

ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலும் உம்மும்மாவின் பெட்டிக்குள் அறபு எழுத்தில் கொப்பியோ கிழிந்த கிதாபோ இருக்கலாம். குர்ஆன் எழுத்துத்தானே, கால் படக்கூடாது என்று மரியாதையாகப் புதைத்துவிடுகிறோம், கடலில் விடுகிறோம். விட முதல் ஓதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். ஒன்றும் எடுத்துப்போக மாட்டோம், படம் பிடித்து எங்கும் போடவும் மாட்டோம். உங்கட வீட்டு மூத்தவர் வேண்டாம் என்றால் அப்படியே மூடி வைத்துவிட்டு வருவோம்.

வேலை தொடங்கியிருக்கிறது. போனில் உள்ள குரல் தட்டச்சை வைத்து மாமி சொல்வதை எழுத்தாக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். மாமி 'மனே' என்றால் அது 'மணி' என்று எழுதியது, 'ஒறங்கு' குரங்கு ஆனது. விட்டுவிட்டோம். இப்போது மாமி குரல்பதிவு அனுப்புகிறா, மகள் கேட்டு எழுதுகிறாள், வாப்பா சரி பார்க்கிறார். சரி பார்ப்பது என்றால், மகள் தன்னை அறியாமல் 'மகனே' என்று எழுதின இடத்தையெல்லாம் 'மனே' என்று வெட்டி எழுதுவது. சிவப்புப் பேனைதான்.

நேற்று இரவும் ஒரு குரல்பதிவு வந்தது. ஒன்பது நிமிடம். முதல் அரை நிமிடம் மின்விசிறிச் சத்தம், பிறகு மாமி: "புள்ள, இது பதியுதா?" என்று இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் பாட்டு. மகள் முழுவதையும் கேட்டு முடித்து, போனில் அறபு விசைப்பலகையைத் தேடி எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'பதியுது' என்று அறபு எழுத்தில் அடித்து அனுப்பினாள். நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாமியின் குரல் வந்தது.

"முத எழுத்தில ஒரு புள்ளி கொறயுது மகள்."